வீடு பார்க்கக் கப்பலுக்குப் போனோம்

எங்கள் பக்கம் பெண் கொடுக்கிறதுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். சும்மா வந்து காபி குடித்துவிட்டுப் போகிற வருகை இல்லை அது. ஆம்பளைகள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கட்டுத்தறியில் மாடுகளைத் தட்டிப் பார்ப்பார்கள். பொம்பளைகள் நேராக அடுப்படிக்குப் போய்விடுவார்கள். நம் பெண் இங்கே வந்து புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா, காற்று வருமா என்று பார்க்க. மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் இலை போட்டிருந்தாலும் தொடாமல், “போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க” என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

என் தம்பி ராசுவுக்கு வந்த சம்பந்தத்தில் இந்த வழக்கம்தான் எங்களைக் கொச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அப்பன் விட்டுப்போன வீடு பூட்டிக் கிடந்தது. நான் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டுவிட்டேன். ராசு கடற்படையில் சேர்ந்து கப்பலே வீடென்று இருந்தான். அந்த உத்தியோகத்தைக் கேட்டதும் ஏற்கனவே இரண்டு இடம் கழன்று போயிருந்தது. மூன்றாவதாக வந்தது செங்கோட மாமா மகள் சரசு. போன லீவில் தேரோட்டத்தின்போது ராசு அவளைப் பார்த்திருக்கிறான். ரயிலேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா இனி எனக்குன்னு யாரையும் பாக்காதே” என்று சொல்லிவிட்டுப் போனான். தாயில்லாத பிள்ளை, நான் வளர்த்தது. எனக்கு அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை.

செங்கோட மாமா எங்கள் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஊடு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பையன் இதுல இல்லியே. அவன் எங்க இருக்கறானோ அதைத்தான நான் பாக்கோணும்?”

“அவன் கப்பல்லதானுங்களே இருக்கறான் மாமா?”

“அப்பக் கப்பலைப் பாப்போம்.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் விளையாடவில்லை. மேச்சேரி ஆடு வாங்கப் போனாலே பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பட்டியில் அடைக்காத ஆள், பெண்ணைக் கொடுக்கிற இடத்தைப் பார்க்காமல் விடுவாரா? ராசுவுக்குச் சொல்லி அனுப்பினோம். கப்பலில் இருப்பவர்களின் குடும்பத்தார் வந்து பார்க்க ஒரு நாள் விடுவார்களாம், அன்றைக்கு வரச் சொன்னான். மாமா, அவர் வீட்டுக்காரி நாச்சாயி அத்தை, நான், மூன்று பேரும் கிளம்பினோம். எங்கூட்டுக்காரர் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை என்று தப்பித்துக்கொண்டார்.

ஈரோட்டில் ரயில் ஏறின முதல் நாள் முழுக்கப் புளிச்சோறும் கச்சாயமும்தான். பாலக்காட்டைத் தாண்டியதும் மாமாவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. “அட சாமி! எங்க பாத்தாலும் தண்ணி. இவனுக கெணத்துல எறைக்கவே மாட்டானுகளாட்டம் இருக்குது” என்று ஜன்னலை விட்டு நகரவில்லை. எங்கள் மண்ணில் கிணற்றுக்கு எண்ணெய் எஞ்சின் வைத்து, அது முக்கி முனகி ஒரு பாத்தி நனைக்கிறதுக்குள் பொழுது போய்விடும். அங்கே வாய்க்காலில் வாத்து நீந்துகிறது.

எதிரில் ஒரு மலையாளத்து அம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் எதற்குப் போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரே சிரிப்பு. அவர் பேசினதில் பாதி புரிந்தது. “எங்கள் வீட்டில் மூன்று பேர் கடலில் இருக்கிறார்கள். பணம் நேரத்துக்கு வரும். ஆள்தான் நேரத்துக்கு வரமாட்டான்” என்றார். அத்தை அதற்குச் சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள். அடிப் பாவி, ஊமையாட்டம் இருந்துகொண்டு எல்லாத்தையும் மனசில் எழுதிக்கொள்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் உதைத்தது.

எர்ணாகுளத்துச் சத்திரத்தில் ராத்தங்கினோம். சோறு குண்டரிசி, ஒவ்வொன்றும் ஆமணக்குக் கொட்டை மாதிரி. குடிக்கக் கேட்டால் சிவப்பாகச் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். “ஏனுங்க, இது கழுவுன தண்ணிங்களா?” என்று மாமா பரிமாறினவனிடமே கேட்டுவிட்டார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, இன்னும் ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் படகு. துறைமுகத்துக்குப் படகில் போக வேண்டும் என்றதும் மாமா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஏறிவிட்டாள். பெண்டாட்டி ஏறினபிறகு என்ன செய்வார்? ஏறினார். ஏறினது தப்பான படகு. அது மட்டாஞ்சேரிக்குப் போய் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் எங்களை இறக்கிவிட்டது. திரும்ப வேறு படகு பிடிக்கிற அவசரத்தில், ராசுவுக்கென்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஒப்புட்டுப் பாத்திரத்தை முதல் படகிலேயே விட்டுவிட்டேன். எந்த மலையாளத்தான் வாயில் போயிற்றோ. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

துறைமுக வாசலில் ராசு நின்றான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சலவைக்காரன் அப்போதுதான் மடித்துக் கொடுத்த மாதிரி. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அவனோடு அந்தோணி என்று ஒரு கூட்டாளி. சேலம் டவுன்காரன், கோயிலுக்குத் தவறாமல் போகிற வேதக்காரக் குடும்பம். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மாமாவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான். காவலுக்கு நின்றவன் மாமாவின் மடியைத் தடவி பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டான்.

“சம்பந்தம் பேச ஒறம்பரைக்கு வந்தவன் மடியையா தடவறது?” என்று மாமா எகிறினார்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. எனக்கும் அதே சட்டம்தானுங்க,” என்றான் ராசு. “பீடி சிகரெட்டெல்லாம் குடிக்கலாம்னு மணியடிச்சுச் சொன்னாத்தான் குடிக்கோணும், அதுவும் சொன்ன எடத்துல. நெருப்புக்குத்தான் இங்க அத்தனை பயம்.”

மாமா சுற்றிலும் கடலைப் பார்த்தார். “இத்தனை தண்ணிக்கு நடுவுல என்ன சாமி நெருப்புக்குப் பயம்?”

“நம்மூருல தீப்புடிச்சாக் காட்டுக்குள்ள ஓடலாமுங்க. இங்க எங்க ஓடறது?”

அந்தப் பேச்சு எனக்கு நெஞ்சில் போய் நின்றது. இத்தனை வருஷமாக அவனைத் தண்ணீர் கொண்டுபோய்விடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். நெருப்பை நினைத்ததே இல்லை.

கப்பலில் ஏறியதும் மாமா வீடு பார்க்கத் தொடங்கினார். பார்க்க வேண்டுமே! கிணறு எங்கே என்று கேட்டார். குடிக்கிற தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு போவார்களாம். கடலில் குறைந்துவிட்டால் உப்புத் தண்ணீரில்தான் குளியலாம். “உப்புல குளிச்சா ஒடம்பு ஊறுகாயாட்டம் ஆயிராதா?” என்று முகத்தைச் சுளித்தார். படுக்கிற இடத்தைக் காட்டினான் ராசு. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரும்புக் கட்டில். எங்கள் பக்கம் வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போட்டாலும் இதைவிடக் காற்றோட்டமாக இருக்கும். ஆளுக்கு ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதுதான் அவன் சொத்து. விடிவதற்கு முன்னால் குழல் ஊதி எழுப்புவார்களாம், தளத்தைக் கழுவுவார்களாம், பித்தளையைத் தேய்ப்பார்களாம். மீதி நேரத்தில் சுவரில் இருக்கிற பழைய பெயின்ட்டைச் சுரண்டுவார்களாம்.

“சுரண்டறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

“பெயின்ட்டு மேல பெயின்ட்டு தடிச்சுப் போனாத் தீ அதைப் புடிச்சுக்கிட்டே போயிருமுங்க,” என்றான் அந்தோணி. “எண்ணெய்த் துணியை மூலையில போட்டாலே எங்களுக்குத் தண்டனை.”

எங்கே திரும்பினாலும் சிவப்பு வாளி, மணல், சுருட்டின குழாய், சுவரில் மாட்டின, நுரை பீய்ச்சுகிற சிவப்பு உருளை. வாரத்தில் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் பொய்யாக மணியடிப்பார்களாம். சோப்பு போட்டுக்கொண்டிருந்தாலும் அப்படியே ஓடிப்போய் அவனவன் இடத்தில் நிற்க வேண்டும். ராசு சொல்லச் சொல்ல மாமா ஒவ்வொரு வாளியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குக் காரணம் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய ஆட்டுப்பட்டியும் மாட்டுக் கொட்டாயும் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. மனுஷன் உள்ளே புகுந்து படலைப் பிய்த்தெறிந்து, கயிற்றை அறுத்து, அத்தனையையும் வெளியே விரட்டினார். ஒரு கன்றுக்குட்டியை மட்டும் எட்ட முடியவில்லை. அதன் சத்தத்தைப் பற்றி இன்றைக்கும் யாரிடமும் பேசமாட்டார். எங்கள் பக்கம் தீ என்றால் எல்லோருக்கும் முதல் வேலை அதுதான். திறந்துவிடு, அறுத்துவிடு, உள்ளே இருக்கிற உயிர் வெளியே ஓடட்டும்.

சாப்பாட்டு மேஜையில் எங்களுக்குச் சோறு, சாம்பார், கோழிக்குழம்பு, எல்லாம் வைத்தார்கள். பூரி பின்னால் வருகிறதாம். மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பசியில்லீங்க.” ராசுவின் முகம் செத்துப்போயிற்று. கை நனைக்காததற்கு அர்த்தம் அவனுக்குத் தெரியாதா? பரிமாறின வடக்கத்திப் பையன் மட்டும் குழம்பில் ஏதோ குறையென்று நினைத்துத் தவித்துப்போனான். அந்தோணிதான் அவனுக்கு இந்தியில் சமாதானம் சொன்னான்.

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அடுப்படியப் பாக்கோணுமே.”

குறுகலான ஒரு நடையில் ராசு முன்னால் போனான். அதன் கோடியில் சமையற்கட்டு. தடித்த இரும்புக் கதவு, சுற்றிலும் திருகி இறுக்குகிற கைப்பிடிகள். நாங்கள் அதை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு கத்தல். பூரி போட்ட எண்ணெய் பற்றிக்கொண்டுவிட்டது. சமையல்காரர்கள் இருவர் இருமிக்கொண்டே வெளியே பாய்ந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்புப் புகை.

ராசு எங்களைத் திரும்பிப் பார்த்தான். “அக்கா, இவங்களை மேல கூட்டிட்டுப் போ!” அவ்வளவுதான். சுவரிலிருந்த உருளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். போனவன் கதவை இழுத்துச் சாத்தினான். கைப்பிடிகள் ஒவ்வொன்றாகத் திரும்புகிறதை நான் பார்த்தேன். உள்ளேயிருந்து அவனேதான் இறுக்குகிறான். மணி அடித்தது. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் மூன்று தடவை இங்கிலீஷில் தீ, தீ, தீ என்றார்கள். அந்தோணி ஆட்களைக் கூப்பிட ஓடினான்.

“பையன் உள்ளார மாட்டிக்கிட்டான்!” என்று மாமா அலறினார். நான் பிடிப்பதற்குள் கதவில் போய் விழுந்தார். ஏர் பிடித்த கையல்லவா, நான்கு இழுப்பில் கைப்பிடிகளையெல்லாம் திருகித் தள்ளினார். “வெளிய ஓடியா சாமி! ஓடியா!” என்று கதவைத் திறந்தார்.

திறந்ததும் உள்ளே ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு. அடங்கிக்கொண்டிருந்த நெருப்பு கூரை வரைக்கும் எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். ராசு ஏதோ கத்தினான். பின்னாலிருந்து வந்த நெட்டையான ஒரு சர்தார், மாமாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்போடு தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டு, கதவைத் தோளால் மோதிச் சாத்தினார். குழாயோடு ஆட்கள் வந்து, சூடு வெளியே பரவாமல் இருக்கக் கதவின் மேலும் சுவரின் மேலும் தண்ணீரை அடித்தார்கள்.

“உள்ள ஆளிருக்குதுடா! எங்க பையன்டா!” மாமா சர்தாரின் நெஞ்சில் குத்தினார். சர்தார் குத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அந்தோணி பக்கத்தில் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். அத்தை மட்டும் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. பிறகு ஒரு கைப்பிடி தானாக அசைந்தது. இன்னொன்று. கதவு திறந்து ராசு வந்தான். முகமெல்லாம் கரி, புருவம் பொசுங்கியிருந்தது, வெள்ளைச் சட்டையின் வலது கை எரிந்து தோலோடு ஒட்டிக் கிடந்தது. “அணைஞ்சிருச்சு” என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தான். நான் அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதேன். எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

கட்டுப் போட்ட பிறகு ஓர் அதிகாரி வந்து மரியாதையாகத்தான் பேசினார். அந்தோணி அதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான். “எண்ணெய்த் தீக்குத் தண்ணியும் ஆகாது, காத்தும் ஆகாதுங்க. கதவைச் சாத்தினாத்தான் அது மூச்சடைச்சுச் சாகும். நுரையைப் போட்டு முக்கால்வாசி அடக்கிட்டாரு. இடையில காத்து பூந்ததும்தான்…” என்று நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தான்.

“அதெல்லாமில்லீங்க மாமா,” என்று ராசு படுத்தபடியே அவசரமாகச் சொன்னான். “நீங்க தொறக்கறதுக்கு முந்தியே எண்ணெய் தெறிச்சுக் கை சுட்டுப்போச்சுங்க.”

மாமா கும்பிட்டார். போட்ட சோறு போட்டபடியே இருக்க, நாங்கள் மூன்று பேரும் இறங்கி வந்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் வாத்தும் வாய்க்காலும் அப்படியேதான் இருந்தன. மாமா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கோயமுத்தூர் தாண்டினபிறகு மெல்லச் சொன்னார். “எண்ணெய் தெறிச்சுச்சுன்னு பொய் சொல்றான் அந்தப் பையன். எனக்கோசரம் சொல்றான்.” எங்கள் வறண்ட காடுகள் வந்தன. சோளத்தட்டுப் போர்களும் ஓலைக் கொட்டாய்களும் வெயிலில் காய்ந்து நின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொன்று ஓடியது. காப்பாற்றுகிறது என்றால் திறந்துவிடுவதுதான் என்று நாமெல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். சாத்துவதும் காப்பாற்றுவதுதான் என்று ஒரு ஊர் இருக்கிறது. என் தம்பி அந்த ஊர்க்காரனாகிவிட்டான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கும்பிட்டுவிட்டு வந்த மாமா வீட்டிலிருந்து சேதியே இல்லை. கடலை பிடுங்கி முடிகிற வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் வெசனம் தாங்கமுடியாமல் நானே கிளம்பிப் போனேன். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையின் அக்கா தானாகப் போகிறது மரியாதையில்லைதான். மரியாதை கிடக்கட்டும்.

மாமா என்னை உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே பேசினார். “பையன் மேல ஒரு கொறையும் இல்லீங்க. தங்கமான பையன். ஆனா தீன்னா வெளிய ஓடியாரவனுக்குத்தான் பொண்ணுக் குடுக்க முடியும். உள்ளார போய்க் கதவைச் சாத்திக்கறவனுக்கு எப்படிக் குடுப்பேன், சொல்லுங்க.”

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. “பட்டி எரிஞ்சப்ப நீங்க வெளியதான் நின்னீங்களாக்கும்?”

“நான் தொறந்துவுட்டேன் அம்மிணி!”

“அவன் சாத்துனான்,” என்றாள் அத்தை. கொச்சியிலிருந்து வந்தபிறகு அவள் இதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. “நீங்களும் உள்ளதான் போனீங்க. அவனும் உள்ளதான் போனான். நானும் அன்னிக்கு வெளியதான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், எம்பட வகுறு எப்படி எரிஞ்சுதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? அப்பறமும் உங்ககூடத்தான பொழைக்கறேன்?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படி வாசலில் வளையல் சத்தம் கேட்டது. சரசு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அக்கா, அந்தக் கதவு உள்ளார இருந்தும் தொறக்குங்களா?”

“தொறக்கும் சாமி. அவனேதான தொறந்துக்கிட்டு வந்தான்.”

“அப்பறமென்னங்க?” என்றாள் அப்பனிடம். உள்ளே போகாமல் பதிலுக்கு அங்கேயே நின்றாள்.

மாமா, அன்றைக்குக் கதவைத் திருகித் திறந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“கை ஆறிருச்சுங்களா பையனுக்கு?”

“ஆறிருச்சுங்க மாமா. கடுதாசி போட்டிருந்தான்.”

“தழும்பு?”

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “இருக்குதுங்க. வெரல் வரைக்கும் இருக்குது.”

“வலக்கைதானுங்களே?”

“ஆமாங்க.”

மாமா மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“அந்தக் கையிலயே எம்பொண்ணைப் புடிச்சுக் குடுத்தர்றனுங்க.”